ஷைலாக்கின் பத்திரமும் பத்து காவான் நிலமும்

பினாங்கில் சாலைச் சந்திப்பில் சிவப்பு விளக்குக்கு நிற்கும்போது பக்கத்துக் கம்பத்தைப் பாருங்கள். 'பின்ஜாமான்' (மலாயில் கடன்) என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே ஒரு கைப்பேசி எண்ணுடன் ஒட்டுத்தாள் இருக்கும். மாநகர் மன்றத்து ஆட்கள் சுரண்டி எடுத்த இடத்திலேயே சில நாளில் புதிதாக ஒன்று முளைத்துவிடும். அந்த எண்ணின் மறுமுனையில் இருப்பவரை நாம் ஆலோங் என்கிறோம். நாளிதழ்கள் வட்டி முதலை என்று எழுதும். சட்டம் இருந்தும் இந்தத் தொழில் ஏன் ஒழிவதில்லை என்பதற்கு நான் படித்தவற்றுள் தெளிவான விளக்கம் 1776-இல் வெளிவந்த ஒரு நூலில் இருக்கிறது. பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவனும் போட வைத்தவனும் உள்ளுக்குள் என்ன ஆகிறார்கள் என்பது அதற்கும் ஏறக்குறைய 180 ஆண்டு முந்திய ஒரு நாடகத்தில் இருக்கிறது. முதலாவது ஆடம் ஸ்மித்தின் 'நாடுகளின் செல்வம்'. இரண்டாவது ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்'.

ஒன்று அரசியல் பொருளாதாரம், மற்றொன்று நாடகம். பல்கலைக்கழகங்களில் இவை வேறு வேறு துறை. ஒன்றைப் படிப்பவர் மற்றதைத் தொடுவதே அரிது. இரண்டையும் சோடி சோடியாக, ஒன்றின் பக்கத்தில் ஒன்றை வைத்துப் படித்தால்தான் பழைய நூல்களுக்கு இன்னும் ஏன் உயிர் இருக்கிறது என்பது பிடிபடும் என்று நான் நினைக்கிறேன். அதைக் கடன், வேலை நேரம், நிலம் என்ற மூன்று சங்கதிகளை வைத்துக் காட்டப் பார்க்கிறேன்.

அரசியல் பொருளாதாரத்தை இன்றைய பொருளியலின் தாத்தா என்று வைத்துக்கொள்ளலாம். பொருளை உண்டாக்குவது யார், அதில் யாருக்கு எவ்வளவு போகிறது, அந்தப் பங்கீட்டை எந்தச் சட்டமும் எந்த அதிகாரமும் தாங்கிப் பிடிக்கின்றன என்று மூன்றையும் சேர்த்தே கேட்பது அது. நமக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. 'இயற்றலும் ஈட்டலுங் காத்தலும் காத்த வகுத்தலும் வல்ல தரசு' என்று பொருட்பாலில் ஒரே குறளில் வள்ளுவர் அடக்கிவிட்டார்: வருவாய்க்கு வழி செய்வது, சேர்ப்பது, காப்பது, பங்கிடுவது. முதல் மூன்றில் பெரிய தகராறு வராது. நான்காவதில்தான் எல்லாச் சண்டையும்.

நாடகம் அந்தச் சண்டையை இரண்டு ஆட்களுக்கு நடுவே கொண்டுவந்து நிறுத்தும். பொருளாதார நூலில் 'கடன் கொடுப்போர்' என்பது ஒரு வகுப்பு. மேடையில் அவருக்கு ஒரு மகள் உண்டு, தெருவில் பட்ட அவமானம் உண்டு, தூக்கம் வராத இரவு உண்டு.

இனி 'செவ்வியல் நூல்' என்றால் என்ன? பழையது எல்லாம் செவ்வியல் ஆகிவிடாது. தங்கத்தையும் வெள்ளியையும் குவித்து வைப்பதே நாட்டின் செல்வம் என்று வாதாடிய நூல்கள் ஸ்மித்துக்கு முன் ஏராளமாக வந்தன. இன்று ஆராய்ச்சியாளர்கள் மட்டுமே அவற்றைத் தூசு தட்டுகிறார்கள். சரியான விடை சொன்னதால் ஒரு நூல் நிலைத்தது என்றும் சொல்ல முடியாது. ஸ்மித்தை அவருக்குப் பின் வந்த பொருளியலாளர் ரிக்கார்டோ மறுத்தார், இருவரையும் மார்க்ஸ் மறுத்தார். மூவரும் சரியாக இருக்க வழியில்லை. அவர்கள் உற்றுப் பார்த்த ஏற்பாடுகள், அதாவது வட்டி, வாடகை, கூலி, இன்னும் நம் வீட்டு வரவு செலவில் இருக்கின்றன. அவை இருக்கும் வரை அந்த நூல்களும் இருக்கும்.

மூவாயிரம் டக்கட்டு, மூன்று மாதத் தவணை

'வெனிஸ் வணிகன்' கதை பலருக்குப் பள்ளியிலேயே தெரியும்: பணம் திரும்பாவிட்டால் ஒரு ராத்தல் சதை என்ற பத்திரம், புத்திசாலிப் பெண் வக்கீல், ரத்தம் சிந்தாமல் வெட்டு என்ற தீர்ப்பு. அதை மறந்துவிட்டு முதல் அங்கத்தின் மூன்றாம் காட்சியை மட்டும் மெதுவாகப் படித்துப் பாருங்கள். பசானியோவுக்குப் பெண் பார்க்கப் போக மூவாயிரம் டக்கட்டு (வெனிஸின் பொற்காசு) வேண்டும். அவன் பெயரில் யாரும் கொடுக்க மாட்டார்கள். நண்பன் அந்தோணியோ ஷைலாக் என்ற யூத வட்டிக்காரனுக்குத் தன் பெயரில் பத்திரம் எழுதிக் கொடுக்கிறான். ஆனால் அந்தோணியோவின் கையிலும் ரொக்கம் இல்லை. சொத்து முழுக்கக் கடலில், கப்பல்களில் இருக்கிறது. ஷைலாக் மனக்கணக்குப் போடுகிறான்: ஆள் நாணயமானவன்தான், ஆனால் கப்பல் என்பது வெறும் பலகை, மாலுமி வெறும் மனிதன், புயலும் பாறையும் உண்டு. வங்கியில் கடன் மனுவை வைத்துக்கொண்டு அதிகாரி போடும் கணக்கும் இதுதான், அழகு மட்டும் குறைவு.

அந்தோணியோவை ஏன் பிடிக்காது என்பதற்கு ஷைலாக் தனக்குள் இரண்டு காரணம் சொல்கிறான். அவன் கிறிஸ்தவன் என்பது ஒன்று. அதைவிடப் பெரிது, அவன் வட்டியில்லாமல் கடன் கொடுத்து வெனிஸில் வட்டி விகிதத்தையே கீழே இறக்கிவிடுகிறான் என்பது. மதப் பகை என்று நாம் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் சந்தைப் பகையும் இருக்கிறது. ஷேக்ஸ்பியர் அதை ஒளித்து வைக்கவே இல்லை.

இப்போது ஸ்மித்திடம் வருவோம். வட்டியே கூடாது என்று சட்டம் தடுத்தால் என்ன ஆகும் என்று அவர் கேட்கிறார். பணம் தேவைப்படுகிறவன் தேவைப்படுகிறவனாகவேதான் இருப்பான். கொடுப்பவன் பணத்துக்கு வட்டி வாங்குவதோடு, சட்டத்தை மீறுகிற ஆபத்துக்கும் சேர்த்து வாங்கிக்கொள்வான். ஆகவே தடை கந்துவட்டியைக் கூட்டத்தான் செய்கிறது. கம்பத்து ஒட்டுத்தாளின் முழுக் கணக்கும் இந்த இரண்டு வரியில் வந்துவிட்டது. அப்படியானால் வட்டியைச் சந்தையின் போக்குக்கே விட்டுவிடச் சொன்னாரா? அதுவும் இல்லை. சந்தையை அப்படியே விட்டுவிடச் சொன்னவர் என்று மேடைகளில் மேற்கோள் காட்டப்படும் அதே ஸ்மித், வட்டிக்குச் சட்டப்படி உச்சவரம்பு வேண்டும் என்கிறார். அன்று பிரிட்டனில் அது 5 விழுக்காடு. அதை 8 அல்லது 10 ஆக்கினால் அந்த வட்டிக்கு வாங்க முன்வருகிறவர்கள் ஊதாரிகளும் ஆகாயக் கோட்டை கட்டுகிறவர்களும்தான், நிதானமானவன் ஒதுங்கிவிடுவான் என்பது அவர் வாதம். 1787-இல் ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜெரமி பெந்தம் இதை மறுத்து எழுதினார்: நீங்கள் ஆகாயக் கோட்டை என்று சொல்கிறவர்கள்தானே புதுத் தொழிலைக் கொண்டுவருகிறார்கள்?

அந்த விவாதம் முடியவில்லை. நம் மலேசியாவின் 1951-ஆம் ஆண்டு கடன் கொடுப்போர் சட்டத்தின்படி, உரிமம் பெற்றவர் அடைமானம் உள்ள கடனுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடும் இல்லாத கடனுக்கு 18 விழுக்காடும்தான் வாங்கலாம். அதாவது நாடாளுமன்றம் ஸ்மித்தின் பக்கம் நிற்கிறது. அந்த வட்டிக்குக் கடன் கிடைக்காதவன் ஒட்டுத்தாளைப் பார்க்கிறான். வரம்பை உயர்த்தலாமா, வேறு வழியில் ஏழைக்குக் கடன் போய்ச் சேர வைக்கலாமா என்று கேட்கும்போது நாம் 1787-இல் நின்றுகொண்டிருக்கிறோம்.

அந்தோணியோவுக்கும் இங்கே ஒரு சட்டம் உண்டு. அடுத்தவர் கடனுக்குக் கையெழுத்துப் போட்டுத் திவாலானவர்களை நம் குடும்பங்களில் தேடிப் போக வேண்டியதில்லை. 2017-இல் திருத்தப்பட்ட நொடிப்பு நிலைச் சட்டம், லாபம் கருதாமல் பிணை நின்றவர் மீது திவால் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்கிறது. ஆனால் அது கல்விக் கடன், சொந்த உபயோகத்துக்கான வாகனத் தவணை, குடியிருக்கும் வீட்டுக் கடன் ஆகியவற்றுக்குத்தான். பெண் பார்க்கப் போகும் செலவு அந்தப் பட்டியலில் வராது. பசானியோவின் நண்பன் இங்கேயும் மாட்டியிருப்பான்.

இந்த நாடகத்தைப் பினாங்கில் படிப்பதற்குத் தனிக் காரணமும் இருக்கிறது. மூன்றாம் அங்கத்தில் அந்தோணியோ தன் நண்பனிடம் சொல்கிறான்: எனக்காக ஆளுநர் சட்டத்தை வளைக்க முடியாது, வெளியூர்க்காரர்களுக்கு இங்கே உள்ள உரிமையை மறுத்தால் நகரத்தின் நீதியே சந்தேகத்துக்கு உள்ளாகும், ஏனென்றால் இந்த ஊரின் வாணிபம் எல்லாத் தேசத்தவரையும் கொண்டு நடக்கிறது. 1786-இல் பிரான்சிஸ் லைட் வந்ததிலிருந்து 1969 வரை சுங்கமில்லாத் துறைமுகமாக இருந்த ஒரு தீவுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டுமா? தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் புறப்படும் பினாங் ஸ்ட்ரீட்டில்தான் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. நீண்ட கூடம், ஆளுக்கொரு பெட்டி, பெட்டிக்கு முன்னால் கணக்குப்பிள்ளை மேசை. ஐரோப்பிய வங்கிகள் சிறு வியாபாரிகளைத் திரும்பிக்கூடப் பார்க்காத காலத்தில், அந்த வங்கிகளிடம் வாங்கி இவர்களுக்குக் கொடுத்தவர்கள் அவர்கள். ஊருக்கு வேண்டியவர்களாகவும் இருந்தார்கள், ஊர் ஏச்சுக்கும் ஆளானார்கள். ஷைலாக்கின் நிலையில் பாதி இதுதான். மறுபாதி, யூதர் மீதான வெறுப்பு. நாடகத்துக்குள்ளேயே அது இருக்கிறது, கடைசியில் அவனை வலுக்கட்டாயமாக மதம் மாற்றும்போது மேடையில் எல்லாரும் மகிழ்கிறார்கள். அதைப் பூசி மெழுகாமல் படிக்க வேண்டும். கடனுக்கு ஒரு முகம் தேவைப்படும்போது எந்தச் சமூகத்தின் முகத்தை ஒட்டுகிறோம் என்ற கேள்வி அங்கேதான் எழுகிறது.

தமிழில் இந்நாடகத்தைப் பம்மல் சம்பந்த முதலியார் 'வாணீபுர வணிகன்' என்று தழுவி எழுதினார். அவர் வக்கீல், பிறகு சென்னைச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் நீதிபதி. சின்னச் சின்னக் கடன் வழக்குகள் வந்து குவியும் இடம் அது. நீதிமன்றக் காட்சியை எழுதும்போது அவருக்கு வெனிஸ் வரை போக வேண்டியிருந்திருக்காது.

நந்தன் கேட்ட லீவு

மார்க்ஸ் ஷேக்ஸ்பியர் பைத்தியம். 'மூலதனம்' முதல் பாகத்தில் (1867) ஷைலாக்கை அவர் இரண்டு இடத்தில் எதிரெதிர் பக்கம் நிறுத்துகிறார். வேலை நாள் பற்றிய அத்தியாயத்தில், தொழிலாளர் நலனைச் சொல்லித் தொழிற்சாலை ஆய்வாளர்கள் கெஞ்சும்போது, 'சட்டம் வேண்டும், என் பத்திரத்தில் உள்ளது வேண்டும்' என்று முதலாளி ஷைலாக்கின் வசனத்தைப் பேசுகிறான். இயந்திரங்கள் பற்றிய அத்தியாயத்தின் அடிக்குறிப்பில் அதே ஷைலாக்கின் வேறொரு வரி வருகிறது: 'நான் வாழ்வதற்கான வழியைப் பறித்தால் என் உயிரையே பறித்ததாகும்.' இங்கே அது வேலையிழந்த தொழிலாளியின் குரல். ஒரே பாத்திரத்துக்குள் இரண்டு தரப்பும் இருந்ததை அவர் பார்த்துவிட்டார்.

வேலை நாள் அத்தியாயத்தின் மையக் கருத்து எளியது. ஒரு நாள் உழைப்பை விலைக்கு வாங்கியவன் அதை எவ்வளவு நீட்ட முடியுமோ நீட்டுவான். விற்றவன் நாளைக்கும் விற்க உடம்பு வேண்டுமே என்று குறைக்கப் பார்ப்பான். இருவருக்கும் உரிமை உண்டு. சம உரிமைகள் மோதினால் பலம்தான் தீர்மானிக்கும் என்கிறார் மார்க்ஸ்.

இதற்குச் சோடியாக ஐரோப்பிய நாடகம் தேட வேண்டாம். கோபாலகிருஷ்ண பாரதியாரின் 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' இருக்கிறது. சேக்கிழாரின் பெரிய புராணத்தில் நந்தனாருக்கு ஆண்டை கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரதியார்தான் ஒரு வேதியரைக் கொண்டுவந்து நந்தனுக்கு முதலாளியாக்கினார். சிதம்பரம் போக நந்தன் உத்தரவு கேட்கிறான். முதலில் ஏச்சு, கடைசியில் ஒரு நிபந்தனை: நாற்பது வேலி நிலத்துப் பயிர் வேலையை முடித்துவிட்டுப் போ. சிவனருளால் இரவோடு இரவாக வேலை முடிந்துவிடுகிறது. பக்தனுக்கு அது அற்புதம். மார்க்ஸைப் படித்துவிட்டு வருகிறவனுக்கு, அற்புதம் நடந்தால் ஒழிய லீவு கிடைக்காது என்று கதை சொல்வது கேட்கும். நம் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நின்ற தலைமுறை நந்தன் கதையை மேடையில் பார்த்துக் கண் கலங்கியதற்குப் பக்தி மட்டுமே காரணம் என்று நான் நம்பவில்லை. வேலை நாளின் நீளம் இன்னும் பேரத்தில்தான் இருக்கிறது: 2023 சனவரி முதல் நம் வேலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்பதை 45 ஆக்கியிருக்கிறது.

பழத்தோட்டம் ஏலத்துக்கு வருகிறது

மூன்றாவது சோடி நமக்கு மிகவும் நெருங்கியது. ரஷ்ய நாடகாசிரியர் செகாவின் 'செர்ரிப் பழத்தோட்டம்' 1904 சனவரியில் மாஸ்கோவில் அரங்கேறியது. கடனில் மூழ்கிய ஒரு பிரபு குடும்பம். வீட்டைச் சுற்றிப் பூத்துக் குலுங்கும் தோட்டம். ஆகஸ்டு 22-இல் ஏலம். லொபாகின் என்ற வியாபாரி வழி சொல்கிறான்: ரயில் பக்கத்தில் வந்துவிட்டது, மரங்களை வெட்டி நிலத்தைத் துண்டு போட்டு, கோடைக்கு வரும் பட்டணத்தாருக்கு வாடகைக்கு விடுங்கள். அவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூன்றாம் அங்கத்தில், ஏலம் நடக்கும் அதே நாளில், வீட்டில் வாத்தியக்காரர்களை வைத்து ஆடிக்கொண்டிருக்கிறார்கள். வாங்கியது யார் என்று கேட்கிறாள் வீட்டுக்காரி. நான் வாங்கினேன் என்கிறான் லொபாகின். அவனுடைய தகப்பனும் பாட்டனும் அதே வீட்டில் அடிமைகளாக இருந்தவர்கள், அடுக்களைக்குள்கூட நுழைய விடப்படாதவர்கள்.

பூவும் காயும் காய்த்துக்கொண்டிருந்த நிலம் ஏன் திடீரென்று விலை ஏறியது? இதற்கு டேவிட் ரிக்கார்டோ. 1817-இல் அவர் சொன்ன உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரே உழைப்பும் முதலும் போட்டால் முதல் நிலம் 100 அளவு தானியம் தருகிறது, இரண்டாவது 90, மூன்றாவது 80. மக்கள் தொகை குறைவாக இருக்கும்போது முதல் நிலம் போதும். யாரும் குத்தகை கொடுக்க வேண்டியதில்லை. கூட்டம் பெருகி மூன்றாம் நிலம் வரை உழ வேண்டி வந்தால், தானிய விலை அந்த 80-ஐ விளைவிக்கும் செலவுக்கு ஈடாக நிற்கும். அப்போது முதல் நிலத்துக்காரருக்கு 20, இரண்டாவதுக்காரருக்கு 10, கையை நீட்டாமலேயே வந்து விழும். அதுதான் நிலவாடகை. வாடகை அதிகம் என்பதால் தானியம் விலை ஏறவில்லை. தானியம் விலை ஏறியதால் வாடகை பிறந்தது.

மண் வளத்துக்குப் பதில் இடத்தைப் போட்டுப் பாருங்கள். ஜார்ஜ் டவுனில் போருக்கு முந்திய கடைவீடுகளுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாடு 2000 சனவரியில் நீங்கியது. 2008-இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் நகரம் சேர்ந்தது. சுவரும் ஓடும் பழையவைதான். தெருவில் நடக்கிற கூட்டம் மாறியது, வாடகை மாறியது, பரம்பரையாக அங்கே இருந்த பலர் இடம் மாறினார்கள். கடைக்காரர் நாசி கண்டாருக்கு விலை ஏற்றிவிட்டு 'வாடகை கூடிப்போச்சு' என்பார். அந்த விலைக்கு வாங்க ஆள் வருவதால்தான் வாடகை கூடியது என்பார் ரிக்கார்டோ. பங்குச் சந்தையில் சம்பாதித்துப் பெரிய பண்ணை வாங்கி அவரே நிலக்கிழார் ஆனவர் என்பது கதையின் வேடிக்கைப் பகுதி. நிலக்கிழார்களின் நலன் மற்ற எல்லாருடைய நலனுக்கும் எதிரானது என்று எழுத அது அவருக்குத் தடையாக இருக்கவில்லை.

இப்போது கடலைத் தாண்டி எதிர்க்கரையில் உள்ள பத்து காவான் என்ற ஊருக்குப் போங்கள். ஒரு காலத்தில் கரும்பும் பிறகு மற்றத் தோட்டப் பயிர்களும் விளைந்த மண். 2014 மார்ச்சு 1-இல் இரண்டாவது பாலம் அங்கே போய்த் தரை தொட்டது. செகாவின் நாடகத்தில் ரயில் செய்த வேலையை இங்கே பாலம் செய்தது. தொழிற்பேட்டை, அடுக்குமாடி, தாமான் எனும் வீடமைப்புப் பகுதி. கோலாலம்பூர்ப் பக்கம் சொல்வதானால், தேசிய அரங்கம் நிற்கும் புக்கிட் ஜாலிலும் தோட்டமாக இருந்ததுதான்.

நாடகத்தில் நாம் யார் என்று கேட்டால்தான் விஷயம் சுடும். மலேசியத் தமிழர்களில் பெரும்பாலோர் அந்தப் பிரபு வீட்டம்மாவும் அல்ல, லொபாகினும் அல்ல. ஃபிர்ஸ் என்ற கிழட்டு வேலைக்காரன் ஒருவன் இருக்கிறான். 87 வயது. எல்லாரும் கிளம்பும் அவசரத்தில் அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாகிவிட்டது என்று ஒருவர் இன்னொருவரிடம் சொல்கிறார். யாரும் போய்ப் பார்க்கவில்லை. கதவைப் பூட்டிவிட்டுப் போகிறார்கள். அவன் உள்ளே இருக்கிறான். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற தோட்டத் துண்டாடல் காலத்தில் லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீட்டை, காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்த குடும்பங்களுக்கு இந்தக் காட்சிக்கு உரை தேவையில்லை. ரிக்கார்டோவின் 100, 90, 80-இல் ஃபிர்ஸுக்கு இடமே இல்லை என்பதையும் கவனியுங்கள். உழைப்பு அங்கே ஒரு செலவு, அவ்வளவுதான். அதனால்தான் நாடகம் பக்கத்தில் இருக்க வேண்டும் என்கிறேன். மறுபக்கம், நாடகத்தை மட்டும் பார்த்துக் கண்ணீர் விட்டால், நிலத்தின் விலை ஏறியதன் பலன் யார் கைக்குப் போனது என்ற கணக்கு விட்டுப்போகும். அந்தக் கணக்கைப் புரிந்துகொண்டவர்களும் நம்மில் இருந்தார்கள். 1960-இல் அரசியல் தலைவர் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், பால் மரம் (ரப்பர் மரம்) சீவியவர்களின் சிறுசேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்கியது. ஃபிர்ஸ் கூட்டம் சேர்ந்து ஏலத்தில் கை தூக்கிய கதை அது. அதை யாராவது நாடகமாக எழுத வேண்டும்.

எங்கே தொடங்குவது

முழு நூலையும் படித்தாக வேண்டும் என்று தொடங்காதீர்கள். ஸ்மித்தில் முதல் மூன்று அத்தியாயமும் கூலி பற்றிய எட்டாம் அத்தியாயமும் போதும். குண்டூசி ஆலையில் பத்துப் பேர் வேலையைப் பிரித்துக்கொண்டு நாளுக்கு 48,000 ஊசி செய்யும் கதை முதல் அத்தியாயத்தில் வரும்; பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறவருக்கு உடனே புரியும். அதே மனிதர் ஐந்தாம் பகுதியில், ஆயுள் முழுக்க ஓரிரண்டு சின்ன வேலைகளையே செய்கிறவனின் அறிவு மழுங்கிவிடும், அரசு தலையிட வேண்டும் என்று எழுதியிருப்பதையும் தேடிப் படியுங்கள். அந்தப் பக்கத்தை மேற்கோள் காட்ட மேடையில் யாரும் வருவதில்லை. மார்க்ஸின் 'மூலதனம்' தியாகுவின் மொழிபெயர்ப்பில் தமிழிலேயே இருக்கிறது. வேலை நாள் அத்தியாயத்தில் நுழையுங்கள், சரக்கு பற்றிய முதல் அத்தியாயம் பின்னால் வரட்டும். அங்கே தொடங்கிப் பாதியில் மூடிவைத்தவர்கள் ஏராளம்.

நாடகங்களை வாய்விட்டுப் படிக்க வேண்டும். நான்கு பேர் கிடைத்தால் ஆளுக்கொரு பாத்திரம். ஷைலாக்கை ஒருவரே கடைசி வரை படிக்காமல் அங்கத்துக்கு ஒருவராக மாற்றிக்கொள்ளுங்கள். யார் படிக்கும்போது அவன் பக்கம் மனம் சாய்கிறது என்பது வாதத்துக்கு நல்ல தொடக்கமாக இருக்கும்.